அலாரம் அடிப்பதற்கு முன்

அன்புள்ள கண்ணு,

லாரி ஓட்டுநரின் தூக்கத்தைக் கண்டறியும் கருவியைக் கல்லூரி ப்ராஜெக்டாக எடுத்திருக்கிறாய். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு எல்லாம் லாரியை நம்பிப் பிழைக்கும் ஊர்கள். அதனால் இதை நீ வெறும் மதிப்பெண்ணுக்காகச் செய்துவிடக் கூடாது. 2020 பிப்ரவரி 20 விடியற்காலை, அவிநாசி அருகே டைல்ஸ் ஏற்றி வந்த கண்டெய்னர் லாரி சென்டர் மீடியனைத் தாண்டி, எர்ணாகுளம் சென்ற கேரள அரசுப் பேருந்தில் மோதி 19 பேர் இறந்தார்கள். டயர் வெடித்தது என்று முதலில் சொல்லப்பட்டது. ஓட்டுநர் கண்ணசந்திருக்கலாம் என்ற சந்தேகம் பிறகு வலுத்தது. குடித்திருந்தால் ரத்தம் காட்டிக்கொடுக்கும். தூக்கம் மோதிய கணமே கலைந்துவிடும், சோதிக்க எதுவும் மிஞ்சாது.

நீ கேமராவை நம்புகிறாய். டேஷ்போர்டிலிருந்து அகச்சிவப்பு ஒளி முகத்தில் படும், இருட்டிலும் இமை தெரியும். ஒரு நிமிடத்தில் எவ்வளவு நேரம் இமை 80 சதவீதத்துக்கு மேல் மூடியிருந்தது என்று கணக்கிடுவார்கள். நல்ல அளவுகோல்தான். ஆனால் சிலருக்குக் கண் திறந்திருக்கும்போதே மூளை சில நொடி அசந்துவிடும். ஸ்டீயரிங்கையும் சேர்த்துக் கவனி: கை செய்யும் சின்னச் சின்னத் திருத்தங்கள் குறைந்து, பிறகு திடீரென ஒரு வெட்டு விழும். 80 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு நொடி என்றால் கிட்டத்தட்ட 90 மீட்டர். அலாரம் அந்தக் கடைசி நொடிகளில்தான் பேசுகிறது.

அதனால்தான் இமையைவிட விழித்திருந்த மணி நேரத்தை முதலில் எண்ணச் சொல்கிறேன். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது உள்ளவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று 1997-ல் ஆஸ்திரேலியாவில் ஆய்வாளர்கள் டாசனும் ரீடும் காட்டினார்கள். நம் சட்டம் அனுமதிப்பதோ 30 மில்லிகிராம்தான். அனுபவமுள்ள டிரைவருக்குத் தன் உடம்பு தெரியாதா என்பார்கள். தூக்கம் முதலில் கெடுப்பதே அந்தக் கணிப்பைத்தான். முகம் கழுவி டீ குடித்தால் போதும் என்பார்கள். குளிர்ந்த நீர் சில நிமிடம் தாங்கும், டீ வேலை செய்ய அரை மணி ஆகும், இரண்டும் தூக்கக் கடனை அடைக்காது.

லோடு தாமதமானால் வாடகை போய்விடும் என்பது மட்டும் நியாயமான மறுப்பு. 2025 வரை நடைமுறையில் இருந்த 1961-ன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேர வேலை என்றது. ஆனால் அது ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனங்களைத்தான் குறிவைத்தது. ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவர் பெரும்பாலும் அதற்குள் வரவில்லை. லோடு ஏற்றக் காத்திருந்த இரவையும் யாரும் வேலையாக எண்ணுவதில்லை. உன் கருவி அந்தக் காத்திருப்பையும் கணக்கில் சேர்க்கட்டும். புறப்படும் முன்பே எச்சரிக்கை உரிமையாளரின் போனுக்குப் போகட்டும், ஏனென்றால் வண்டியை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவரிடம்தான் இருக்கிறது. கூடவே, லாரி நிறுத்த அடுத்த இடம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பதையும் ஓட்டுநருக்குக் காட்டு.

அன்புடன்,
மாமா