பார்க்காத அணையை வரைவது

முதுகலை அனிமேஷன் படிப்பின் கடைசி ஆண்டில் இரண்டு வேலை ஒன்றாக வந்து சேரும். சொந்தமாக ஒரு குறும்படம் செய்ய வேண்டும். கூடவே ஆய்வேடும் எழுதிக் கொடுக்க வேண்டும். பலர் படத்துக்கு ஒரு கதையையும் ஆய்வேட்டுக்கு வேறொரு தலைப்பையும் எடுத்துக்கொள்கிறார்கள். படம் ஊர்த் திருவிழாவைப் பற்றியது, ஆய்வேடு ஜப்பானிய அனிமேஷனைப் பற்றியது என்று இருக்கும். பகலில் ஒன்று, ராத்திரியில் ஒன்று என இழுபட்டு, கடைசி மாதத்தில் இரண்டுமே அரைகுறையாக நிற்கும். நான் இரண்டுக்கும் ஒரே கேள்வியை வைத்துக்கொண்டேன். இந்த வழியில் இப்போது இறங்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்.

என் கேள்வி கம்பம் பள்ளத்தாக்கில் கிடைத்தது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம் பக்கம் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் விளைகிறது. அந்தத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே வந்து வைரவனாற்றில் விழுந்து, சுருளியாற்றோடு சேர்ந்து வைகைக்குப் போகிறது. அந்தத் தண்ணீரைத் தேக்கும் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் கர்னல் பென்னிகுக்குக்கு லோயர்கேம்ப்பில் மணிமண்டபம் இருக்கிறது. அவர் பிறந்த ஜனவரி 15 அன்று பாலார்பட்டியில் அவர் பெயரில் பொங்கல் வைக்கிறார்கள். ஆனால் அணை இருப்பது மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள். நினைத்தபோது போய்ப் பார்த்துவிட்டு வர முடியாது. அந்தத் தண்ணீரில் விளைந்த சோற்றை உண்டு வளர்ந்த நானும் அணையை நேரில் பார்த்ததில்லை. கூடலூரில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் கேட்டார்: “ஏம்மா, பென்னிகுக் படம் எங்க வீட்டு சாமி ரூம்ல இருக்கு. கல்லு சுமந்தவன் படம் யாரு வீட்ல இருக்கு?”

யாரிடமும் இல்லை. அந்த மனிதர்களை எப்படி வரைவது, எந்த உரிமையில் வரைவது என்பதே படத்தின் கேள்வியும் ஆய்வேட்டின் கேள்வியும் ஆனது.

படம் எடுக்க முடியாததை வரைந்து காட்டுவது புதிய வேலை இல்லை. 1915இல் லூசிடானியா கப்பல் மூழ்கியதை யாரும் கேமராவில் பிடிக்கவில்லை. வின்ஸர் மெக்கே அதை வரைந்து 1918இல் படமாக்கினார். ஆவண அனிமேஷனின் முன்னோடி என்று அதைச் சொல்வார்கள். ஆரி ஃபோல்மனின் ‘வால்ட்ஸ் வித் பஷீர்’ (2008) முழுக்க வரைந்த படமாகப் போய், கடைசியில் நிஜக் காட்சிகளுக்கு மாறுகிறது. வரைந்ததையும் நடந்ததையும் பார்வையாளர் பிரித்துப் பார்க்க ஒரு வழி வேண்டும் என்பதை எனக்குக் கற்றுக் கொடுத்தது அந்த மாற்றம்தான். குமுளி மலை ஏறினால் வரும் கேரளத்தில் இதற்கு நெருங்கிய உதாரணம் உண்டு: அதிதி கிருஷ்ணதாஸின் ‘கண்டிட்டுண்டு’. முதியவர் ஒருவர் தான் கண்டதாகச் சொல்லும் பேய்க்கதைகள் அவர் குரலிலேயே கேட்க, படம் அந்தக் குரலைப் பின்தொடர்கிறது. 2021ஆம் ஆண்டுக்கான சிறந்த அனிமேஷன் படத் தேசிய விருது அதற்குத்தான் கிடைத்தது. நம் ஊர்க் கதைக்கும் இடம் உண்டா என்று தயங்குகிறவர்கள் அதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

எனக்கு ஆதாரமாக இருந்தது ஏ.டி. மெக்கன்சி எழுதி 1899இல் வெளிவந்த பெரியாறு திட்ட வரலாறு. 1887இல் வேலை தொடங்கியது முதல் 1895இல் அணை திறந்தது வரை விவரமாகச் சொல்கிறது அது. ஆற்றைத் தடுக்கக் கட்டியவற்றை வெள்ளம் அடித்துப் போனது, மலைக்காய்ச்சல், சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் பொடியும் சேர்த்த கலவை எல்லாம் அதில் உண்டு. ஊரில் எல்லோரும் சொல்லும் கதையோ வேறு: பணம் நின்றபோது பென்னிகுக் தன் சொத்தை விற்றுக் கட்டினார் என்பது. மெக்கன்சியை வைத்து அதை நிறுவ முடியாது. அதற்காக அதைத் தூக்கி எறியவும் எனக்கு மனம் வரவில்லை. ஒரு பள்ளத்தாக்கே நன்றியோடு நம்பும் கதை அது.

இங்கேதான் ஆய்வேடு படத்தைக் காப்பாற்றியது. ஒரு விதி வைத்தேன். பதிவில் இருப்பதைப் பேனா மைக்கோட்டில் வரைவேன். மக்கள் வாயிலிருந்து வருவதைக் கரித்துண்டில் வரைவேன், சொல்பவர் குரலோடு. இரண்டிலும் இல்லாத இடத்தில் காகிதம் வெறுமையாகவே நிற்கும். சொத்து விற்ற கதை கரித்துண்டில் வந்தது. கல் சுமந்தவர்களுக்குக் கை உண்டு, தோள் உண்டு, தலையில் சும்மாடு உண்டு. முகம் இருக்கும் இடம் வெற்றுக் காகிதம். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் நீண்ட நேரம் பேசப்பட்டது அந்த வெற்றிடம் பற்றித்தான். ஏன் அனிமேஷன், ஏன் சாதாரண ஆவணப்படம் இல்லை என்ற கேள்வி எந்த வைவாவிலும் வரும். அதற்கான பதில் வாயில் மட்டும் இருந்தால் போதாது, திரையில் தெரிய வேண்டும்.

கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். நொடிக்கு 24 பிரேம். ஒரு ஓவியத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 ஓவியம், நிமிடத்துக்கு 720. நான்கு நிமிடப் படம் என்றால் 2,880. இதைத் தனி ஆளாக வரையப் போகிறோம் என்பதை ஸ்டோரிபோர்டு போடும் முன்பே எழுதி மேசைக்கு எதிரே ஒட்டி வையுங்கள். ஆய்வேட்டில் ஒரு பத்தியைக் கடைசி ராத்திரியிலும் வெட்டலாம். வரைந்து முடித்த ஷாட்டை வெட்ட மனசு வராது. அதனால் படத்தின் முன்வரைவான அனிமேட்டிக் சீக்கிரம் வேண்டும்: குச்சிப் பொம்மையாக இருந்தாலும் பரவாயில்லை, குரலையும் ஓசையையும் சேர்த்து முழு நீளத்துக்கு ஓட வேண்டும். வெட்டுவதை அங்கேயே வெட்டிவிட வேண்டும்.

வெட்டியதையெல்லாம் ஏன் வெட்டினோம் என்று அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதுங்கள். பழைய ஃபைலை அழிக்காமல் தேதி போட்டு வையுங்கள். செய்முறை பற்றிய அத்தியாயத்தை நான் தனியாக உட்கார்ந்து எழுதவில்லை. அந்த நோட்டைக் கோவைப்படுத்தியதுதான் அத்தியாயம். மாதங்கள் கழித்து நினைவிலிருந்து எழுதினால் எல்லா முடிவும் முன்பே தெளிவாகத் தெரிந்ததுபோல ஆகிவிடும். அப்படி எழுதியது படிக்கும் பேராசிரியருக்கு உடனே தெரிந்துவிடும்.

அசைவைக் கற்க நான் இணையத்துக்குப் போகவில்லை, அப்பத்தாவிடம் போனேன். படத்தில் வரும் வயல் காட்சிக்காக நாற்று நடுவதை முற்றத்தில் நடித்துக் காட்டச் சொன்னேன். “நடுறவ முன்னால போக மாட்டா ஆத்தா, பின்னாலதான் நகருவா. நட்டதை மிதிக்கக் கூடாதுல்ல” என்று சொல்லிக்கொண்டே குனிந்தார். இடது கை நாற்று முடியைப் பிடித்திருக்க, வலது கை பிரித்து, ஊன்றி, மறுபடி பிரிக்கிறது. ஊன்றும் கணம் வேகம். பிரிக்கும் கணம் சற்று நிதானம். அந்த ஏற்ற இறக்கத்தை பிரேம் பிரேமாகக் குறித்துக்கொண்டதால்தான் என் படத்துப் பெண்கள் வயலில் நிற்கிறவர்களாகத் தெரிந்தார்கள். ஒரே வேகத்தில் அசைந்தால் இயந்திரம் அசைவதுபோல இருக்கும். திராட்சைப் பந்தலுக்குள்ளும் அப்படித்தான்: சுருளிப்பட்டி பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள் அண்ணாந்தே நாள் முழுக்க நிற்கிறார்கள். கழுத்தையும் தோளையும் பார்க்காமல் அந்த உடம்பை வரைய முடியாது.

நாள்காட்டியைக் கல்லூரி போடலாம், ஆனால் பள்ளத்தாக்குக்குத் தனி நாள்காட்டி உண்டு. மழை சரியாக இருந்தால் முதல்போகத்துக்கு ஜூனில் தண்ணீர் திறப்பார்கள். காய்ந்த வாய்க்காலில் முதல் தண்ணீர் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வரும் ஓசை அப்போதுதான் கிடைக்கும். ஆடிக் காற்று தொடங்கிவிட்டால் மைக்கில் காற்றைத் தவிர எதுவும் பதியாது. விடியும் முன் போக வேண்டும், மைக்குக்குப் பஞ்சு உறை போட வேண்டும். படத்தின் ஓசையை முதலில் எடுத்துவிடுங்கள். ஓவியத்தை எந்த மாதத்திலும் வரையலாம்.

கருவிகளைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். கிரிட்டா, பிளெண்டர், ஓப்பன்டூன்ஸ் மூன்றும் இலவசம். 2025இல் ஆஸ்கர் வென்ற ‘ஃப்ளோ’ பிளெண்டரில் செய்ததுதான். ரெண்டரை ராத்திரியில் போடுங்கள், மின்சாரம் போனால் தாங்க ஒரு யூபிஎஸ் வாங்குங்கள்.

குரல் கொடுத்தவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். அனிமேட்டிக்கை முதலில் அவர்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். இதைக் கல்லூரி கேட்கும் படிவமாக நினைக்காதீர்கள். தங்கள் பாட்டன் பூட்டன் பட்ட பாட்டை நம்பி நம் கையில் கொடுக்கிறார்கள். அதை எப்படிக் காட்டப் போகிறோம் என்று ஊருக்கு முன்னால் அவர்கள் பார்க்க வேண்டும்.

தேனி, கம்பம் பக்கமிருந்து அனிமேஷன் படிக்கப் போகும் தம்பி தங்கைகளே, அணை வேலைக்குப் போனவர்களின் கதையைத் தாத்தா பாட்டி வாயால் கேட்டவர்கள் இப்போது முதியவர்களாக இருக்கிறார்கள். தலைப்பு முடிவாகட்டும், கைடு ஒப்புக்கொள்ளட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதே ஒரு ரெக்கார்டரை எடுத்துப் போய் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள்.