இறைச்சிக் கோழித்தீனில் மூலிகை எண்ணெய்



இறைச்சிக்காகக் கோழி வளர்ப்போரின் செலவிற் பெரும்பங்கு தீனுக்கே போகின்றது. தின்ற தீன் உடம்பில் ஒட்டினால் இலாபம். கழிச்சலாகப் போனால் நட்டம்.

1950ஆம் ஆண்டளவில், நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் சிறிதளவு தீனிற் கலந்தாற் குஞ்சுகள் விரைந்து வளரும் என்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அவ்வழக்கம் பல நாடுகளிற் பரவிற்று. ஆயினும், நாள்தோறும் சிறிதளவு மருந்தை உண்ணும் கோழியின் குடலில், அம்மருந்துக்கு இறவாத பற்றீரியாக்களே எஞ்சிப் பெருகும். அவை இறைச்சி வழியாகவும் எரு வழியாகவும் மனிதரை அடையக்கூடும். அடைந்தால், நோயுற்ற பிள்ளைக்கு வைத்தியர் கொடுக்கும் மருந்தும் பயனற்றுப் போகலாம். இதனாற் சுவீடன் 1986இலும், ஐரோப்பிய ஒன்றியம் 2006 சனவரி 1ஆந் திகதி முதலும், வளர்ச்சிக்காக நுண்ணுயிர்க்கொல்லிகளைத் தீனிற் சேர்ப்பதைத் தடை செய்தன. அவற்றுக்கு மாற்றாக ஆராயப்படுபவற்றுள் மூலிகை எண்ணெய்களும் அடங்கும்.

எண்ணெய் செய்யும் வேலை

ஓமத்தில் தைமோலும், கற்பூரவள்ளியிற் காவக்குரோலும் தைமோலும், கராம்பில் யூசினோலும் உள்ளன. கறுவாப்பட்டை எண்ணெயிற் சின்னமல்டிகைட்டு மிகுதி. கறுவாயிலை எண்ணெயிலோ யூசினோல் மிகுதி. ஆகவே, கறுவா எண்ணெய் வாங்குவோர் பட்டை எண்ணெயா, இலை எண்ணெயா என்று கேட்டே வாங்குதல் வேண்டும். இப்பொருள்கள் பற்றீரியாவின் மேற்சவ்வைச் சிதைத்து, அதன் உள்ளிருப்பவற்றைக் கசியச் செய்கின்றன. சமிபாட்டு நீர்கள் சுரப்பதையும் தூண்டக்கூடும்.

ஆனால், ஆராய்ச்சிகளின் முடிவுகள் ஒரே தன்மையன அல்ல. சிலவற்றில் தீன் சிக்கனப்பட்டது. சிலவற்றில் வேறுபாடு காணப்படவில்லை. துப்புரவான கூட்டில், நல்ல தீனுண்ணும் கோழிகளில் நன்மை சிறிதாகவே தோன்றும்.

அளவு

இறைச்சிக் கோழிகளில் நடந்த ஆராய்ச்சிகள் பலவற்றில் 1 கிலோ தீனுக்கு 100 முதல் 200 மில்லிகிராம் வரை எண்ணெய் சேர்க்கப்பட்டது. அஃதாவது, 50 கிலோ மூடைக்கு 5 முதல் 10 கிராம் வரையாகும். ஓமத்தில் எண்ணெய் பொதுவாக நூற்றுக்கு 2 முதல் 4 வீதம் உண்டு. எனவே, 5 கிராம் எண்ணெய்க்கு ஈடாக 125 முதல் 250 கிராம் வரை ஓமத்தூள் வேண்டும். கற்பூரவள்ளியின் பச்சை இலையிற் பெரும்பகுதி நீரே. ஒரு பிடி இலையை நறுக்கிப் போடுவது இவ்வளவுக்கு ஈடாகாது. அளவு மிகுந்தாலும் தீங்குண்டு. கடுமணத்தாற் கோழி தீனைக் குறைத்துவிடும்.

கலக்கும் முறை

1. எண்ணெயை முதலில் 1 கிலோ தவிட்டிற் பிசறுக. அதனை 5 கிலோ தீனுடன் கலந்து, பின்னர் முழு மூடையுடன் சேர்க்குக. நேரே ஊற்றினால் ஓரிடத்தில் மிகும், மற்றோரிடத்தில் இராது.
2. எண்ணெய் வெம்மையில் ஆவியாகும். நம் குடாநாட்டின் கோடை வெயிலிற் கலந்த தீனை நெடுநாள் வைத்திராது, சில நாளைக்கு வேண்டியதை மட்டும் கலக்குக. எஞ்சிய எண்ணெயைக் குளிர்ந்த நிழலில் இறுக மூடி வைக்குக.
3. செறிந்த எண்ணெய் கண்ணிலும் தோலிலும் எரிவு தரும். அதனைக் குடிநீரில் நேரே ஊற்றலாகாது. அது நீருடன் கலவாது.
4. கடைத்தீன் வாங்குவோர் பையிலுள்ள விபரத்தை வாசித்து, அதில் ஏற்கெனவே சேர்க்கப்பட்டவற்றை அறிந்துகொள்க.

நீங்களே சோதித்தறியும் வழி

ஒரே நாளில் வந்த 100 குஞ்சுகளை 50 வீதம் இரு பக்கமாகத் தடுத்து வளர்க்குக. இடமும் நீரும் தீனும் ஒன்றாயிருக்க, ஒரு பக்கத்துக்கு மட்டும் எண்ணெய் சேர்க்குக. இட்ட தீனை நாள்தோறும் நிறுத்துக் கொப்பியில் எழுதுக. விற்கும் நாளில் ஒவ்வொரு பக்கத்துக் கோழிகளையும் நிறுத்து, குஞ்சுகளின் தொடக்க நிறையைக் கழிக்குக. தின்ற தீனை, கூடிய நிறையாற் பிரிக்குக. 170 கிலோ தீனுக்கு 100 கிலோ நிறை கூடினால் விடை 1.7, 165 கிலோவுக்கு அதே நிறை கூடினால் 1.65. மிஞ்சிய 5 கிலோ தீனின் விலை, எண்ணெயின் விலையிலும் கூடியதாயின் அது உங்களுக்கு இலாபம். அன்றேல் வீண் செலவு. ஒரு முறை கண்ட வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். அடுத்த தொகுதியிற் பக்கத்தை மாற்றி மீண்டும் பார்க்குக.

எச்சரிக்கை

ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரியிற் கூளம் நனைந்தால் இரத்தக் கழிச்சல் பரவும். கூளத்தைக் கிளறி உலர்த்துக. ஈரமானதை அகற்றி மாற்றுக. இராணிக்கெற்று, கம்பறோ ஆகிய நோய்கள் வைரசுகளால் வருபவை. அவற்றுக்குத் தடுப்பு மருந்தே காவல், எண்ணெய் அன்று. கோழிகள் சோர்ந்து நின்றால் அல்லது இறந்தால், தாமதியாது கால்நடை வைத்தியரிடம் அறிவிக்குக. அவர் தரும் மருந்தைச் சொன்ன நாள் முழுதும் கொடுத்து, அவர் குறித்த இடைக்காலம் கழிந்த பின்னரே கோழியை விற்றல் வேண்டும்.

மருந்து நோயுற்ற உயிருக்கு உரியது. நோயில்லாத கோழிக்கு உலர்ந்த கூளம், தூய நீர், அளவறிந்த தீன் ஆகியவை முதலில் வேண்டும். எண்ணெய் அவற்றுக்குத் துணையாகவே அமையும்.