முன்னோர் வைத்த நாணயங்கள்: விற்குமுன் அறிய வேண்டுவன

நெசவாளர் இல்லமாயினும் உழவர் இல்லமாயினும், பழைய மரப்பெட்டியின் அடியில் துணி முடிச்சிலோ தகர டப்பியிலோ சில பழங்காசுகள் இருப்பது நம் பகுதியில் அரிதன்று. பெட்டிக்கு உடையவர் காலமான பின்னரே பெரும்பாலும் அவை வெளியே வருகின்றன. அவ்வேளையில் குடும்பத்துக்குப் பணத்தேவையும் மிகுந்திருக்கும். மருத்துவச் செலவால் ஏற்பட்ட கடன், பெண்ணின் திருமணம், தறியைப் புதுப்பித்தல் என ஏதேனும் ஒன்று நெருக்க, மறுநாளே முடிச்சைக் கடைத்தெருவுக்கு எடுத்துச் செல்வோர் பலர். அவசரத்தில் விற்ற பொருளை மீட்க வழியில்லை. ஆதலின் முன்னோர் விட்டுச் சென்ற நாணயங்களை எங்கே, எவ்வாறு விற்பது என்பதை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

பத்தமடைப் பட்டுப்பாயைக் கோரையின் எடைக்கு விற்பார் எவருமில்லை. சேலையின் விலை நூலின் எடையோடு முடிவதில்லை என்பதும் அங்கத்தினர் அறிந்ததே. நாணயத்துக்கும் அவ்வாறே இரண்டு மதிப்புகள் உண்டு. ஒன்று உலோகத்தின் மதிப்பு. மற்றொன்று நாணயம் சேகரிப்போர் அதற்குத் தரும் மதிப்பு. முன்னது எடையாலும் மாற்றாலும் அமைவது. பின்னது அந்நாணயம் எவ்வளவு அரியது, எவ்வளவு தேயாதிருக்கிறது, அதனை விரும்புவோர் எத்துணைப் பேர் என்னும் மூன்றால் அமைவது. பழமை மட்டும் விலையைத் தருவதில்லை. மிகப் பழைய செப்புக் காசு எளிய விலைக்குப் போவதும், நூறாண்டு நிறையாத வெள்ளி ரூபாய் ஒன்று பெருவிலை பெறுவதும் உண்டு. எனவே, “எங்கே விற்பது?” என்ற கேள்விக்கு முன்னர், “என்னிடம் இருப்பது யாது?” என்ற கேள்விக்கு விடை காணவேண்டும்.

1. பெட்டியில் இருக்கக்கூடியவை

தாமிரபரணியின் கழிமுகத்தையொட்டிப் பாண்டியரின் துறைமுகமான கொற்கை விளங்கியது. சங்ககாலப் பாண்டியரின் சதுரச் செப்புக் காசுகளில் ஒருபுறம் யானை முதலிய உருவங்களும், மறுபுறம் கோடுகளால் அமைந்த மீன் உருவமும் காணப்படும். ‘பெருவழுதி’ என்று தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த காசை நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். களிம்பேறிய சிறு செப்புத் துண்டும் வரலாற்றுச் சான்றாகலாம் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

மேற்கே செங்கோட்டை, 1956 நவம்பர் 1 அன்று திருநெல்வேலி மாவட்டத்தோடு சேருமுன், மலைக்கு அப்பாலுள்ள ஆட்சியைச் சார்ந்திருந்தது. ஆகவே திருவிதாங்கூர்க் காசுகள் நம் பகுதி வீடுகளில் மிகுதி. 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். வெள்ளிச் சக்கரம் மிகச் சிறியது. குழிகள் அமைந்த பலகையில் கொட்டி அதனை எண்ணுவது வழக்கம்.

காசுமாலைகளில் வெனிஸ் நகரத்துப் பொற்காசுகள் கோக்கப்பட்டிருப்பதுண்டு. அவை ஏறக்குறைய மூன்றரைக் கிராம் எடையுள்ளவை. மாற்றுயர்ந்த பொன்னால் ஆனவை. அவற்றைப் பார்த்து நம் நாட்டுப் பொற்கொல்லர் செய்த காசுகளும் பல உள. அவற்றில் எழுத்துகள் சிதைந்திருக்கும். காசில் வளையம் பற்றவைத்திருந்தால் சேகரிப்போர் தரும் விலை குறையும். பொன்னின் மதிப்புக் குறையாது. இவையன்றிக் கும்பினியாரின் நட்சத்திர வராகன், இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்று திரும்பியோர் கொணர்ந்த இலங்கைச் சதக் காசுகள், 1943 முதல் வெளிவந்த ஓட்டைக் காலணா ஆகியனவும் கலந்திருக்கலாம். ஓட்டைக் காலணா ஏராளமாக அடிக்கப்பட்டது. அதற்குப் பெருவிலை எதிர்பார்த்தல் வீண்.

2. வெள்ளி ரூபாயின் கணக்கு

பெரும்பாலான முடிச்சுகளில் மிகுதியாக இருப்பது ஆங்கிலேயர் காலத்து வெள்ளி ரூபாயே. 1835 முதல் அதன் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, அஃதாவது 10.69 கிராம். 1940 முதல் எடை மாறாமல் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. 1940 முதல் 1945 வரையுள்ள ரூபாயில் 5.83 கிராம் வெள்ளியே உண்டு. 1947-ஆம் ஆண்டு ரூபாய் முழுதும் நிக்கல். காந்தத்தில் ஒட்டுவதால் அதனை எளிதிற் பிரிக்கலாம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு குடும்பத்தில் 100 ரூபாய்கள் உள்ளன எனக் கொள்வோம். அவற்றில் 60 நாணயங்கள் 1939-க்கு உட்பட்டவை. 40 நாணயங்கள் பிந்தியவை. மொத்த வெள்ளி 641.4 கிராமும் 233.2 கிராமும் சேர்ந்து 874.6 கிராம். வாங்குபவர் எல்லாவற்றையும் பாதி வெள்ளி என்று கணக்கிட்டால் 583 கிராமுக்கே பணம் கிடைக்கும். ஆண்டு வாரியாகப் பிரிக்காத ஒரே காரணத்தால் 291 கிராமுக்கு மேற்பட்ட வெள்ளி கைவிட்டுப் போகிறது. இது உலோக மதிப்பில் மட்டும் நேரும் நட்டம்.

இனி, சேகரிப்போர் விரும்பும் ஆண்டுகளைத் தனியே எடுத்துவைக்க வேண்டும். 1911-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் மன்னரின் மார்பணியில் உள்ள யானை, பன்றிபோல் தோன்றுகிறது என்று மக்கள் குறை கூறினர். 1912-ல் அச்சு திருத்தப்பட்டது. முந்திய நாணயங்களிற் பெரும்பகுதி திரும்பப் பெறப்பட்டமையால் அவ்வாண்டு ரூபாய் தனி மதிப்புடையது. 1939-ஆம் ஆண்டு ரூபாய் அதனினும் அரியது. அரியதாதலின் அதன் போலிகளும் மிகுதி; ஆண்டு எண்ணைச் செதுக்கி மாற்றியவையும் உண்டு. தேர்ந்தவரிடம் காட்டாமல் அதனை நம்பவும் வேண்டா, விற்கவும் வேண்டா.

3. பட்டியலும் பாதுகாப்பும்

முதற்கண், காசுகளைத் துலக்குதல் கூடாது. புளி, சாம்பல், எலுமிச்சை, பாலிஷ் எதுவும் ஆகாது. குத்துவிளக்குக்கு ஏற்ற துலக்கம் நாணயத்துக்குத் தீங்கு. மேற்பரப்பின் இயல்பான நிறம் போய்விட்டால் அதன் மதிப்பும் பெரும்பாலும் போய்விடும். விளிம்பைப் பிடித்தே காசை எடுக்கவேண்டும். மென்மையான பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் பசையூறி உலோகத்தைக் கெடுக்கும். தனித்தனித் தாளுறைகள் போதும்.

பின்னர் ஒவ்வொரு காசுக்கும் எண்ணிட்டு, உலோகம், எடை, ஆண்டு, பொறித்த எழுத்து, குறுக்களவு, சேதம் ஆகியவற்றைப் பட்டியலில் எழுதுக. இருபுறமும் புகைப்படம் எடுத்துக்கொள்க. மூத்தவர் எழுதிவைத்த சீட்டு, பழைய ரசீது, உறை எதுவாயினும் எறியற்க. நாணயம் எவ்வழியே வந்தது என்பதற்கு அதுவே சான்று.

4. உரியவர் யாவர்?

பெட்டியை எடுத்தவர் அதன் உடையவராகிவிடுவதில்லை. மரண சாசனம் இல்லாவிடத்து, 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்த ஆடவரின் சொந்தச் சம்பாத்தியத்தில் தாய், மனைவி, ஆண்மக்கள், பெண்மக்கள் யாவர்க்கும் சமபங்கு உண்டு. இஸ்லாமிய அங்கத்தினர்க்கு அவர்தம் சமயச் சட்டமும், கிறிஸ்தவ அங்கத்தினர்க்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமும் பொருந்தும். மணமாகிப் போன பெண்களுக்குத் தெரியாமல் விற்பது சட்டப்படியும் தவறு, உறவையும் முறிக்கும்.

காசுகளை எண்ணிக்கைப்படி பங்கிடுதலும் நன்றன்று. ஒருவர் பங்கில் அரிய நாணயம் ஒன்று சென்றால் மற்றவர் ஏமாற்றமடைவர். பட்டியலிட்டு மதிப்பு அறிந்தபின், பணத்தைப் பங்கிடுதலே நேர்மையான வழி. நினைவாக ஒரு காசை வைத்துக்கொள்ள விரும்புபவர் அதன் மதிப்பைத் தம் பங்கிற் கழித்துக்கொள்ளலாம். யாவரும் ஒப்பமிட்ட சம்மதக் கடிதம் ஒன்று இருத்தல் வேண்டும்.

5. சட்டம் கூறுவன

1972-ஆம் ஆண்டு தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் உள்ளது. நூறாண்டு நிறைந்த நாணயம் அச்சட்டப்படி தொல்பொருளாகும். அதனை வெளிநாட்டுக்கு அனுப்பத் தனியார்க்கு உரிமையில்லை. சிங்கப்பூரிலுள்ள உறவினரிடம் கொடுத்தனுப்பினால் நல்ல விலை கிடைக்கும் என்பார் சொல்லைக் கேட்டல் ஆகாது; சிறைத்தண்டனைக்குரிய குற்றம் அது. தொல்பொருள்களை வியாபாரமாக விற்போர் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும்.

உழவர்கள் மற்றொன்றையும் அறியவேண்டும். வீட்டில் வழிவழி வந்த காசு வேறு. நிலத்தில் உழும்போது கிடைத்த காசு வேறு. பின்னதற்கு 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பொருந்தும். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவித்தல் கடமை. முறைப்படி தெரிவித்தவர்க்குச் சட்டம் பங்கும் அளிக்கிறது. உரிமையாளர் இல்லாத புதையலில், வேறு உடன்பாடு இல்லாதபோது, கண்டெடுத்தவர்க்கு நான்கில் மூன்று பங்கும் நிலத்துக்கு உடையவர்க்கு ஒரு பங்கும் சேரும். சர்க்காரே எடுத்துக்கொள்வதாயின் உலோக மதிப்பும் அதில் ஐந்திலொரு பங்கும் சேர்த்துத் தரவேண்டும். மறைத்தவரோ தம் பங்கை இழப்பதோடு தண்டனைக்கும் ஆளாவர்.

மரண வரி 1985-ல் நீக்கப்பட்டுவிட்டது. ஆயினும் விற்பனை இலாபத்துக்கு வருமான வரி உண்டா என்பதைக் கணக்காளரிடம் கேட்டறிதல் நலம்.

6. விற்கும் வழிகள்

முதலாவது, உள்ளூர் நகைக்கடை. பணம் அன்றே கிடைக்கும். ஆனால் உலோக மதிப்பே கிடைக்கும். தேய்ந்த, சாதாரணமான ரூபாய்களுக்கு இவ்வழி போதும். இரண்டு மூன்று கடைகளில் அன்றைய வெள்ளி விலையோடு ஒப்பிட்டுக் கேட்கவேண்டும். அடகு வைப்பதாயினும் எடையும் மாற்றுமே கணக்கிடப்படும் என்பதை மறவற்க.

இரண்டாவது, நாணய வியாபாரி. அவர் திரும்ப விற்று வாழ்பவராதலின் முழு விலை தர இயலாது. இடைத்தரமான நாணயங்களுக்கு அவர் ஏற்றவர். நல்ல காசுகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு எஞ்சியதை விட்டுச் செல்ல இடங்கொடாமல், பட்டியல் வரிசைப்படி ஒவ்வொன்றுக்கும் விலை எழுதித் தரச் சொல்லவேண்டும்.

மூன்றாவது, சேகரிப்போரின் சங்கங்களும் கண்காட்சிகளும். சென்னையில் உள்ள மெட்ராஸ் காயின் சொசைட்டி போன்ற அமைப்புகளைச் சார்ந்தவர்களிடம் அறிவும் கிடைக்கும், வாங்குவோரும் கிடைப்பர். ஒரே ஆளிடம் கேட்டதோடு நில்லாமல் பலரிடம் கேட்டறிய இது வாய்ப்பளிக்கும்.

நான்காவது, ஏல நிறுவனங்கள். மும்பை, அகமதாபாத், பெங்களூரு முதலிய நகரங்களில் இவை உள்ளன. மிக அரிய நாணயத்துக்கு இதுவே தக்க வழி. எனினும் பணம் கிடைக்கச் சில மாதங்கள் ஆகலாம். விற்பவரும் தரகு கொடுக்க நேரும். ஒப்படைக்குமுன் தரகு விகிதம், குறைந்தபட்ச விலை, காப்பீடு, விற்பனையாகாவிடில் திருப்பியனுப்பும் செலவு, பணம் தரும் நாள் ஆகிய ஐந்தையும் எழுத்தில் பெறுக. முந்திய ஏலங்களில் உண்மையாகக் கைமாறிய விலைகளைப் பார்த்தே மதிப்பு அறிதல் வேண்டும். விளம்பரத்தில் ஒருவர் கேட்கும் விலை விலையாகாது.

பாளையங்கோட்டையிலுள்ள அரசு அருங்காட்சியகமும், 1851-ல் தோன்றிய சென்னை அருங்காட்சியகமும் நாணயத்தை இனங்காண வழிகாட்டக்கூடியவை. விலை கூறுதல் அவற்றின் பணியன்று. அரிய பாண்டியர் காசு இருந்தால், நம் ஆற்றங்கரை வரலாறு நம்மிடமே தங்கும்பொருட்டு அருங்காட்சியகத்துக்கு அளிப்பதையும் குடும்பத்தார் எண்ணிப்பார்க்கலாம்.

7. ஏமாற்று வழிகள்

“பழைய ஐந்து ரூபாய்க்கு ஐந்து இலட்சம்” என்ற செய்தி கைப்பேசிகளில் உலவுகின்றது. நம்பித் தொடர்புகொண்டவரிடம் பதிவுக் கட்டணம், வரி, தரகு என்று பணம் பறிக்கின்றனர். தன் பெயரைக் கூறி இவ்வாறு மோசடி நடப்பதாக ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. அவ்வங்கி இத்தகைய வாங்கல் விற்றலில் ஈடுபடுவதில்லை. எவரையும் அதற்கு நியமிக்கவுமில்லை. வாங்குபவர் பணம் தருபவரேயன்றி முன்பணம் கேட்பவரல்லர் என்ற ஒரு விதியை மனத்திற் கொண்டால் போதும்.

1818 என்று ஆண்டு பொறித்து, ஒருபுறம் இராமரோ அனுமனோ உள்ள ‘கும்பினிக் காசு’ மற்றொரு ஏமாற்று. கிழக்கிந்தியக் கும்பினி அத்தகைய நாணயத்தை வெளியிட்டதேயில்லை. பூஜையறையில் வைக்கலாம், அரிய நாணயமென்று பெருவிலை கொடுத்து வாங்கவும் எதிர்பார்க்கவும் ஆகாது.

8. சங்கம் செய்யக்கூடியது

நாணய வியாபாரம் செய்வது நம் சங்கத்தின் துணைவிதிகளில் அடங்குவதன்று. ஆயினும் சரியான தராசு ஒன்றும் காந்தம் ஒன்றும் அலுவலகத்தில் வைத்திருக்கலாம். பட்டியல் எழுத அறியாத அங்கத்தினர்க்கு எழுதிக் கொடுக்கலாம். சம்மதக் கடிதத்தில் செயலாளர் சாட்சியாக ஒப்பமிடலாம். விற்பனைப் பணத்தை ரொக்கமாக அன்றி வங்கிக் கணக்கில் பெறும்படி அறிவுறுத்தலாம். விற்பவர் தனியராய், அவசரத்தோடு, தம் சரக்கின் தன்மை அறியாது நிற்கும்போதே இடைத்தரகர் மிகுதியாக ஆதாயம் அடைகிறார். சேலைக்கும் நெல்லுக்கும் நாம் கற்ற இப்பாடம் காசுக்கும் பொருந்தும். பணத்தேவை உடனடியானதாயின், தேய்ந்த சாதாரண ரூபாய்களை மட்டும் முதலில் விற்று, ஐயத்துக்குரியவற்றை நிறுத்தி வைத்தல் அறிவுடைமை.

வகுப்பில் விவாதித்தற்குரிய வினாக்கள்

1. 1938, 1943, 1947 ஆகிய ஆண்டுகளின் ரூபாய்கள் உலோகத்தில் எவ்வாறு வேறுபடுகின்றன?

2. 50 ரூபாய்களில் 20 நாணயங்கள் 1940-க்கு முந்தியவை, 30 நாணயங்கள் 1940 முதல் 1945 வரையுள்ளவை. மொத்த வெள்ளி எத்தனை கிராம்?

3. வயலில் கிடைத்த காசுக்கும் பாட்டனார் விட்டுச் சென்ற காசுக்கும் சட்டத்தில் உள்ள வேறுபாடு யாது?

4. ஏல நிறுவனத்தில் ஒப்படைக்குமுன் எழுத்தில் பெறவேண்டிய ஐந்து விவரங்கள் யாவை?

5. மூன்று மக்களுள் ஒருவர் விற்க இசையாவிடில் குடும்பத்தார் செய்யத்தக்கது யாது?