வானூர்தி வழிகளும் ஏழு கன்னியர் மலையும்

சீவக சிந்தாமணியைக் கற்றோர் மயிற்பொறியை மறவார். சச்சந்த மன்னன் தன் தேவி விசயைக்கென ஒரு பொறியை அமைப்பித்து, அதனை எழுப்பவும் இறக்கவும் அவளைப் பயிற்றுவித்தான். பகை சூழ்ந்த நாளில் அவள் அதிலேறி வானிற் சென்றாள். கட்டியங்காரனது வெற்றி முரசம் செவியில் விழுந்ததும் மயங்கினாள். செலுத்துவாரில்லாப் பொறி சுடுகாட்டிலே சென்று இறங்கிற்று. இப்பகுதியைக் கற்பிக்குந்தோறும் மாணவர் பொறி பறந்த விந்தையையே வினவுவர். நாமோ அது இறங்கிய இடத்தையே நினைப்போம். பறத்தலினும் அரிது, இறங்குமிடம் அறிந்து இறங்குதல்.

இவ்வுண்மைக்கு நம் மலையகத்திலேயே துயரம் மிக்க சான்றொன்று உண்டு. மஸ்கெலியாப் பக்கத்து வகுப்பறையொன்றில் ஏழு கன்னியர் மலையைச் சுட்டி, 1974ஆம் ஆண்டு அங்கு நிகழ்ந்தது யாதென ஒருமுறை வினவினோம். விமானம் விழுந்ததைப் பலரும் அறிந்திருந்தனர். ஏன் விழுந்தது என்றதற்கு ஒரு மாணவன் எழுந்து, "விதி, சேர்" என்றான். அவ்விடை எம்மை விட்டு நீங்கவில்லை. அவனுக்கு அன்று முழுமையாகக் கூறமுடியாது போன மறுமொழியே இக்கட்டுரை. அதனைக் கூறுமுன், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலகின் விமான நிறுவனங்கள் எங்ஙனம் தொழில் நடத்தின என்பதைச் சிறிது அறிதல் வேண்டும்.

அந்நிறுவனங்கள் பலவற்றைத் தொடக்கத்தில் வளர்த்தது தபாற் சேவையே. ஒல்லாந்தின் கே. எல். எம். 1919இலும், அவுஸ்திரேலியாவின் குவாண்டாஸ் 1920இலும் தோன்றின. இந்தியாவில் ஜே. ஆர். டி. டாட்டா 1932 ஒக்டோபர் 15இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபாற் பைகளுடன் தாமே விமானத்தைச் செலுத்தி வந்தார். அச்சேவை 1938இல் கொழும்பு வரை நீண்டது. அக்காலத்து விமானி ஆற்றையும் கடற்கரையையும் இருப்புப் பாதையையும் கண்ணாற் கண்டே பெரும்பாலும் வழியறிந்தான்.

கண்ணுக்கு நிலம் தோன்றாத பெருங்கடலின்மேல் வழியறிவது எங்ஙனம்? இதற்கு இலங்கையோடு தொடர்புடைய வரலாறொன்று விடை கூறும். 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின் அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான வான்வழி அறுந்தது. அதனை மீட்க, 1943 முதல் 1945 வரை குவாண்டாஸ் நிறுவனத்தின் கற்றலினா நீர்விமானங்கள் பேர்த் நகரிலிருந்து காலிக்கு அண்மையிலுள்ள கொக்கல வாவிக்கு இடைநில்லாது பறந்தன. தொலைவு ஏறக்குறைய 3,500 மைல். சென்றடைய ஒரு நாளுக்கு மேலாகும். ஒரே பயணத்தில் இரு முறை ஞாயிறு எழக் கண்டமையால் அது 'இரட்டை உதயம்' எனப் பெயர் பெற்றது. பகைவர் அறியாதிருக்க வானொலியும் வாய்மூடிற்று. வழிகாட்டும் அலுவலர் விண்மீன்களை அளந்து தாம் இருக்குமிடத்தைக் கணித்தார். 271 முறை கடல் கடந்தும் ஒரு விமானமேனும் இழக்கப்படவில்லை. கருவி குறைவாயினும், 'இப்பொழுது எங்கே இருக்கிறோம்?' என்னும் வினாவை ஓயாது வினவிய கவனம் நிறைவாயிருந்தது.

போரின் பின் நாடுதோறும் விமான நிறுவனங்கள் எழுந்தன. 1944இல் சிக்காகோவிற் கூடிய நாடுகள் பன்னாட்டுப் பறப்புக்குப் பொது விதிகளை வகுத்தன. 1945இல் ஹவானாவில் நிறுவனங்களின் சங்கம் அமைந்தது. எயார் சிலோன் நிறுவனத்தின் டக்கோட்டா விமானம் 1947 டிசம்பர் 10இல் இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்குத் தன் முதற் சேவையைத் தொடங்கிற்று. சிறிய நாடொன்று நெடுந்தூர விமானங்களைத் தனித்து வாங்கி நடத்துதல் எளிதன்று. ஆதலின் எயார் சிலோன் 1949இல் அவுஸ்திரேலிய நிறுவனமொன்றோடும், 1956இல் கே. எல். எம். நிறுவனத்தோடும், 1962இல் பிரித்தானியாவின் பீ. ஓ. ஏ. சி. நிறுவனத்தோடும் கூட்டுச் சேர்ந்தது. விமானத்தின்மேல் எழுதிய பெயர் ஒருவருடையது, விமானம் மற்றொருவருடையது என்பது அத்தொழிலில் இயல்பாயிற்று.

விமானங்களும் விரைந்து மாறின. 1952 ஆகஸ்டில் கொமெற் என்னும் தாரை விமானம் இலண்டனிலிருந்து கொழும்புக்கு வரத் தொடங்கிற்று. 1954இல் இரு கொமெற் விமானங்கள் நடுவானிற் சிதைந்தபோது, உலோகம் களைப்புற்றுப் பிளக்கும் தன்மையை ஆராய்ந்தறிந்தனர். பின்வந்த விமானங்கள் அவ்வறிவாலே வலிமை பெற்றன. மறுபுறம், வழிகாட்டும் அலுவலரின் இருக்கை மெல்ல மெல்ல வெறுமையாயிற்று. அவர் செய்த கணக்கைக் கருவிகள் செய்யத் தொடங்கின.

அக்காலத்தே நம் தோட்ட மக்களுக்கு விமானம் அண்ணாந்து பார்க்கும் பொருளாகவே இருந்தது. 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையின்கீழ் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோர் பல்லாயிரவரும் புகையிரதத்தில் தலைமன்னார் சென்று கப்பலேறியவர்களே. வான்வழி நம் மலைகளுக்கு மேலாகச் சென்றதேயன்றி, நம் வாழ்க்கையைத் தொடவில்லை. ஓரிரவு அது தொட்டது.

1974 டிசம்பர் 4. இந்தோனேசியாவின் சுரபாயா நகரிலிருந்து மக்காவுக்கு ஹஜ் யாத்திரை புறப்பட்டோர் 182 பேர். அவர்களைக் கருடா நிறுவனத்துக்காக ஏற்றிவந்தது ஒல்லாந்தின் மார்ட்டின்எயார் நிறுவனத்தின் டீ. சி. 8 விமானம். யாத்திரைக் காலத்திற் பிறருடைய விமானங்களை வாடகைக்கு அமர்த்துதல் அந்நாளைய வழக்கமே. கட்டுநாயக்காவில் இடையே தங்கி ஜித்தா செல்வது பயணத் திட்டம். இரவு பத்து மணி கழிந்தபின், இறங்குதற்காகத் தாழ்ந்து வந்த விமானம் ஏழு கன்னியர் மலையில் மோதிற்று. பணியாளர் ஒன்பதின்மரையும் சேர்த்து 191 பேரும் மாண்டனர். இலங்கை மண்ணில் நேர்ந்த விமான விபத்துகளில் இதுவே மிகப் பெரியது.

காரணம் யாது? விமானிகள் தாம் விமான நிலையத்தை அண்மித்துவிட்டதாக எண்ணினர். உண்மையில் அவர்கள் அதற்குக் கிழக்கே ஏறக்குறைய நாற்பது கடல் மைல் தொலைவில் இருந்தனர். தாம் இருக்குமிடத்தைத் தவறாக உணர்ந்து, பாதுகாப்பான உயரத்திற்குக் கீழே இறங்கியமையே விபத்தின் காரணமென விசாரணை கண்டது. கட்டுநாயக்கா கடல் மட்டத்தை ஒட்டியது. அதன் அயலிலே ஈராயிரம் அடிக்கு இறங்குதல் முறையே. விமானம் மோதியதோ ஏறக்குறைய 4,350 அடியில். ஹட்டன் புகையிரத நிலையமே 4,100 அடிக்கு மேலுள்ளது என்பதை நினைத்தால், அவ்வுயரம் நம் பகுதியில் எத்துணைத் தாழ்ந்தது என்பது விளங்கும்.

அவ்விமானத்தில் டொப்ளர் என்னும் வழிகாட்டுங் கருவி இருந்தது. புகையிரதம் நம்மை நெருங்கும்போது அதன் ஊதல் உச்சமாகவும், கடந்து சென்றபின் தாழ்ந்தும் கேட்கிறதன்றோ? அவ்வாறே, விமானம் நிலத்தை நோக்கி அனுப்பும் அலை மீண்டு வரும்போது மாறுபடும் அளவைக் கொண்டு அக்கருவி வேகத்தைக் கணிக்கும். வேகத்தையும் நேரத்தையும் கொண்டு கடந்த தொலைவைக் கூறும். ஆயின் இஃது இருளில் அடியெண்ணி நடப்பது போன்றது. ஓரடியிற் சிறு பிழை நேரினும், ஆயிரம் அடியில் அது பெரும் பிழையாகும். இடையிடையே நிலத்திலுள்ள வானொலிக் குறிகளோடு ஒப்பிட்டுத் திருத்தாவிடின், கருவி கூறும் இடம் வேறு, நிற்கும் இடம் வேறாகிவிடும்.

இப்பிழை நம் மலைக்கு மட்டும் உரியதன்று. 1966 ஜனவரி 24இல் எயார் இந்தியாவின் 'கஞ்சன்சங்கா' என்னும் போயிங் விமானம் ஜெனீவாவை நோக்கி இறங்குகையில் ஐரோப்பாவின் மொன்பிளாங் மலையில் மோதிற்று; அணுவியல் அறிஞர் ஹோமி பாபா உட்பட 117 பேர் மாண்டனர். மலையைக் கடந்துவிட்டதாக விமானி தவறாகக் கணித்தார் என்பதே அங்கும் முடிவு. ஏழு கன்னியர் மலை விபத்துக்கு மூன்று நாள் முன்னர், 1974 டிசம்பர் 1இல், அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் டீ. டபிள்யூ. ஏ. நிறுவனத்தின் விமானம் உரிய இடத்தை அடையுமுன்னே தாழ்ந்து மலையில் மோதியதில் 92 பேர் இறந்தனர்.

வேர்ஜீனியா விபத்தை அந்நாட்டார் விதியென்று விட்டுவிடவில்லை. நிலத்தை நோக்கி அலையனுப்பி உயரத்தை அளந்து, நிலம் விரைந்து அணுகினால் விமானியை உரத்த ஒலியால் எச்சரிக்கும் கருவியைப் பொறியியலாளர் டொன் பேட்மன் முன்னரே உருவாக்கியிருந்தார். அத்தகைய கருவியைப் பெரிய தாரை விமானங்கள் அனைத்தும் கொண்டிருத்தல் வேண்டுமென அமெரிக்க அரசு அந்த டிசம்பர் மாதத்திலேயே விதித்தது. பிற நாடுகளும் பின்பற்றின. உலகத்து மலைகளின் படத்தையே நினைவிற் கொண்டு முன்கூட்டி எச்சரிக்கும் கருவிகள் 1990களில் வந்தன. மலையில் மோதும் விபத்துகள் பெரிதும் குறைந்தன. ஏழு கன்னியர் மலையை அணுகிய விமானத்துக்கு அக்குரல் வாய்த்திருப்பின், விமானிகள் மேலெழ ஒரு வாய்ப்பேனும் இருந்திருக்கும்.

டிசம்பர் மாதத்துப் பூரணையோடு சிவனொளிபாத யாத்திரை தொடங்கும். மஸ்கெலியாவின் வழியெங்கும் அடியார் கூட்டம் நிறையும். ஒரு மலையை நோக்கி நம்மவர் யாத்திரை செல்லும் அதே மாதத்தில், அயல் மலையிலே வேறொரு நாட்டு யாத்திரிகரின் பயணம் முடிந்தது. வாழ்நாளில் ஒருமுறை வாய்க்கும் பயணமென உற்றாரிடம் விடைபெற்று வந்தோர் அவர்கள். அவர்களது ஊரும் மொழியும் நாம் அறியோம்; எனினும் அவர்கள் நம் மலையின் விருந்தினராயினர். அவர்களை நினைத்தல் நம் கடன்.

இன்று நம் தோட்டங்களிலிருந்து இளைஞரும் பெண்களும் பிழைப்பு நாடி மத்திய கிழக்குக்கு வானூர்தி ஏறுகின்றனர். அண்ணாந்து பார்த்தோரின் பேரப் பிள்ளைகள் இன்று அதனுள் அமர்ந்து செல்கின்றனர். நாளை அவர்களுள் ஒருவர் அதனைச் செலுத்தவும் கூடும். ஆதலின், நம் கல்லூரியின் பழைய மாணவராய் இன்று ஆசிரியப் பணி புரிவோரை ஒன்று வேண்டுவோம். ஏழு கன்னியர் மலையைக் காட்டிப் புவியியலும் பௌதிகமும் கற்பியுங்கள். அங்கு என்ன நிகழ்ந்தது என்பதோடு நில்லாது, ஏன் நிகழ்ந்தது என்பதையும் கூறுங்கள். "விதி" என்ற அம்மாணவனுக்கு நாம் கூற விரும்பியது இதுவே: தம்பி, விதி என்ற சொல்லோடு வினா முடிந்துவிடுகிறது. காரணத்தைத் தேடியோரே பின்வந்தோரின் உயிரைக் காத்தனர்.