வெர்சாயில் தோட்டத்திலிருந்து தொடங்குங்கள்

வெர்சாய் அரண்மனைக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை காலையிலேயே வரிசையில் நின்று, அறை அறையாகப் பார்த்து முடித்துத் தோட்டத்தில் இறங்கும்போது கால் கெஞ்சியது. முதல் நீரூற்றோடு திரும்பிவிட்டேன். அடுத்த முறை அம்மாவை அழைத்துப் போனபோது, காலையில் தோட்டம், மதியத்துக்கு மேல் அரண்மனை என்று மாற்றிக்கொண்டேன். அன்றுதான் வெர்சாயை உண்மையாகப் பார்த்தேன்.

பாரிஸிலிருந்து ஆர்.இ.ஆர். 'சி' ரயிலில் போகலாம். வெர்சாய் ஊருக்குள் ரயில் நிலையங்கள் பல. பலகையில் 'வெர்சாய் ஷாத்தோ ரிவ் கோஷ்' என்றிருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள்; இறங்கினால் பத்து நிமிட நடை. திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. அதனாலேயே செவ்வாயன்று கூட்டம் நெரியும். புதனோ வியாழனோ நல்லது. ஆனால் நீரூற்றுகள் ஓடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் கணக்கு மாறும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, குறிப்பிட்ட நாட்களில், குறிப்பிட்ட நேரம்தான் அவை ஓடும். அந்த நாட்களில் தோட்டத்துக்கும் டிக்கெட் உண்டு. கூட்டமானாலும் அந்த நாளையே தேர்ந்தெடுங்கள் என்பேன்.

ஏனென்றால் இந்தத் தோட்டத்தின் கதையே தண்ணீர்தான். ஆந்த்ரே லெ நோத்ர் கோடு போட்டு வடிவமைத்த தோட்டம். ஆனால் இடமோ நீர்வளம் இல்லாத இடம். பதினான்காம் லூயி 1682-ல் அரசவையை இங்கே கொண்டுவந்தார். செய்ன் நதி நீரை மேடேற்ற, 14 பெரிய சக்கரங்கள் கொண்ட மார்லி எந்திரத்தை 1684-ல் கட்டி முடித்தார்கள். அப்படியும் போதவில்லை. மன்னர் நடந்து வரும் வழியில் ஊழியர்கள் சீழ்க்கை அடித்துத் தகவல் சொல்வார்கள். அவர் நெருங்கும் ஊற்று திறக்கும், கடந்துவிட்ட ஊற்று மூடும்.

லத்தோனா ஊற்றுக்கு அருகே, நேரத்துக்குக் கொஞ்சம் முன்பே போய் நில்லுங்கள். முதலில் குழாய்க்குள் காற்று இருமுவதுபோல ஒரு சத்தம். பிறகு பொன்முலாம் பூசிய தவளைகளின் வாயிலிருந்து மெலிதாகக் கசிந்து, சட்டென்று பீறிடும். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பாதையெல்லாம் சரளைக்கல். அம்மாவின் செருப்புக்குள் கல் புகுந்து புகுந்து, பத்தடிக்கு ஒருமுறை உதற வேண்டியிருந்தது. மூடிய ஷூ போட்டுப் போங்கள். முட்டிவலிக்காரர்களுக்கு உள்ளே சிறு ரயில் வண்டி ஓடுகிறது. ட்ரியானான் மாளிகைகள் மதியம்தான் திறக்கும். அவசரமாக எட்டிப்பார்ப்பதற்குப் பதில் நாங்கள் அவற்றை விட்டுவிட்டோம், வருத்தமில்லை.

அரண்மனைக்குள் ஹெர்குலிஸ் கூடத்தில் சற்று நில்லுங்கள். புதுச்சேரியில் கப்பலேறிய திப்பு சுல்தானின் தூதர்களை, 1788-ல் பதினாறாம் லூயி வரவேற்றது இங்கேதான்.

கண்ணாடிக் கூடத்துக்குப் பிற்பகல்தான் சரியான நேரம். 73 மீட்டர் நீளக் கூடம் மேற்கே தோட்டத்தைப் பார்த்திருப்பதால் சாயும் வெயில் நேராக உள்ளே விழும். 17 வளைவுகளிலும் சேர்த்து 357 கண்ணாடிகள். அன்றைக்குப் பெரிய கண்ணாடி வார்க்கத் தெரியாது. துண்டுகளைச் சேர்த்துப் பதித்திருக்கிறார்கள். நகர்ந்தால் இணைப்பு வரும் இடத்தில் நம் முகம் லேசாக விலகும்.

அம்மா அதைக் கவனிக்கவே இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, தூரத்தில் மினுங்கிய கால்வாயைக் காட்டி, "அவ்வளவு தூரமா நடந்தோம்?" என்றார்.