பிடித்து உள்ளே போட்டால் பழக்கம் போய்விடுமா?

"இவனைப் பிடிச்சு ஒரு மாசம் உள்ளே வைக்கச் சொல்லுங்க டாக்டர், தானா திருந்திடுவான்!"

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கத்துத் தாய்மார்கள் பலர் என்னிடம் இப்படித்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் உழைத்த கூலி சாராயத்திலும் கஞ்சாவிலும் மாத்திரையிலும் கரைகிறதே என்ற வயிற்றெரிச்சல் அது. நியாயம்தான். ஆனால் தண்டிப்பதா, கெடுதலைக் குறைத்து மெல்ல மீட்பதா? இரண்டையும் பார்ப்போம்.

சட்டத்தால் ஆவது என்ன?

மதுவிலக்கு நமக்குப் புதிதல்ல. 1937-ல் ராஜாஜி சேலத்தில் தொடங்கினார். 1939-ல் நம் வட ஆற்காடு மாவட்டத்துக்கும் வந்தது. கடையை மூடினால் குடிப்பவர் எண்ணிக்கை குறையும். விடமுடியாதவர்களோ மலைச் சாராயத்தைத் தேடிப் போவார்கள். சரி, கடையைத் திறந்துவிட்டால் போதுமா? அதுவும் இல்லை. 2024 ஜூனில் டாஸ்மாக் கடைகள் இருக்கும்போதே, கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. ஏழைக்கு அதுதானே மலிவு! அதன்பின், உயிர்போகும்படி கள்ளச்சாராயம் விற்பவனுக்கு ஆயுள் தண்டனை என்று சட்டம் திருத்தப்பட்டது. விற்பவனுக்கு அது வேண்டியதுதான்.

குடித்தவன் கதை வேறு. மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுக்கும். சீக்கிரம் வந்தால் மாற்று மருந்து உண்டு. "கேஸ் ஆயிடுமே" என்று வீட்டிலேயே படுத்துக்கொண்டால் கண்ணும் போகும், உயிரும் போகும்.

கெடுதலைக் குறைப்பது எப்படி?

1986-ல் சென்னையில் எடுத்த ரத்தத்தில் எய்ட்ஸ் கிருமி இருப்பதை நம் வேலூர் சி.எம்.சி.யில்தான் கண்டுபிடித்தார்கள். போதை ஊசியைப் பலர் பகிர்ந்தாலும் இந்தக் கிருமி பரவும். அதனால்தான் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சுத்தமான ஊசி தருகிறார்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் பியூப்ரனார்ஃபின் மாத்திரை கொடுத்து ஊசியை மறக்கடிக்கிறார்கள்.

"போதைக்கு நாமே துணை போவதா?" என்கிறீர்களா? கிருமி அவனோடு நிற்காதே! மனைவிக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். ஊசி வாங்க வருகிறவனிடம் சிகிச்சை பற்றிப் பேசலாம். ஒளிந்து திரிபவனிடம் எப்படிப் பேசுவது?

சட்டமும் ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவுப்படி, பயன்படுத்தியதற்காகவோ சிறிதளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய அடிமை, தானே முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. பாதியில் விட்டால் விலக்கு ரத்தாகலாம்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியவை

* தினமும் மிதமிஞ்சிக் குடிப்பவரை அறையில் பூட்டித் திடீரென நிறுத்தாதீர்கள். இரண்டு மூன்று நாளில் கைநடுக்கம், வலிப்பு, பிதற்றல் வந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆஸ்பத்திரியில் வைத்து நிறுத்துவதே பத்திரம்.

* "அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கலாம்" என்று விற்கும் பொடிகளை வாங்காதீர்கள். டைசல்ஃபிராம் போன்ற மருந்து அதில் இருந்து, அவர் அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும்.

* சாராயம் குடித்த மறுநாள் பார்வை மங்கல், வயிற்றுவலி, மூச்சிரைப்பு இருந்தால் உடனே 108. மோர், எலுமிச்சை என்று நேரத்தைப் போக்காதீர்கள்.

* ஆலோசனைக்கு 14446. கட்டணம் இல்லை.

நஞ்சு மருத்துவத்தைத் தனிப் பாடமாகப் படித்த சித்த வைத்தியன் நான். ஆனாலும் சொல்கிறேன்: மெத்தனாலுக்கும் வலிப்புக்கும் முதல் இடம் பெரிய ஆஸ்பத்திரிதான். பசி, தூக்கம், உடல்பலம் திரும்ப எங்கள் மருந்து பிறகு கைகொடுக்கும்.

ஆகவே தாய்மார்களே, விற்கிறவனைப் பற்றிப் போலீசுக்குச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளையை மட்டும் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு வாருங்கள்.