திரும்பாதே என்று ஏன் சொல்லித் தருகிறார்கள்?

கேள்வி: என் மகள் சேலத்தில் விமானம் ஓட்டப் பழகுகிறாள். மேலேறியதும் இன்ஜின் நின்றால் ஓடுதளத்துக்குத் திரும்பக் கூடாதாம். எதிரே தெரியும் இடத்தில்தான் இறக்க வேண்டுமாம். பின்னால் அவ்வளவு நீள ஓடுதளம் இருக்க, வயலில் போய் இறங்குவானேன்? கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.
- வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: சரியாகத்தான் சொல்லித் தருகிறார்கள், ஐயா.

உங்கள் லாஸ்பேட்டை ஓடுதளத்தையே எடுத்துக்கொள்வோம். சுமார் 1,500 மீட்டர். கடலை நோக்கிக் கிளம்பிய செஸ்னா 172, ஐந்நூறு அடியில் இருக்கும்போது இன்ஜின் நிற்கிறது. அதை நம்பவே மனசுக்கு மூன்று நான்கு வினாடி பிடிக்கும். அதற்குள் வேகம் விழும். அரைவட்டம் அடித்தால் ஓடுதளத்துக்குப் பக்கவாட்டில்தான் வந்து சேர்வோம். அதன் நேருக்கு வர இன்னும் வளைய வேண்டும். உயரம் போதாது என்று தெரிந்ததும் கை தானாக விமானத்தை மேலும் சாய்த்து இழுக்கும். உயிர் போவது அங்கேதான். இறக்கை காற்றின் பிடியை இழப்பதை ஸ்டால் என்போம். நேராகப் பறக்கையில் 48 நாட் வேகத்தில் வரும் ஸ்டால், 60 டிகிரி சாய்வில் திருப்பும்போது 68 நாட் வேகத்திலேயே வந்துவிடும். இன்ஜின் இல்லாமல் மிதந்து இறங்க வேண்டிய வேகமும் அதே 68தான். ஒரு பக்க இறக்கை சரிந்தால், அந்த உயரத்தில் மீட்க வழியில்லை. வயலில் இறக்கைகள் சமமாக, கட்டுக்குள் இறங்கினால் விமானம் நசுங்கலாம். உள்ளே இருப்பவர் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

2025 நவம்பரில் நார்த்தாமலை அருகே நெடுஞ்சாலையில் இறங்கிய பயிற்சி விமானம் நினைவிருக்கும். அதில் இருந்தவர்கள் தப்பினார்கள். ஆனால் அது நடுவழியில் நேர்ந்தது. இடம் தேட அவகாசம் இருந்தது.

எனக்கு அதிகக் கவலை தருவது, முழுதாக நிற்காமல் பாதி இழுக்கும் இன்ஜின். 2000 முதல் 2010 வரை ஆஸ்திரேலியாவில் ஒற்றை இன்ஜின் விமானங்கள் மேலேறியதும் இன்ஜின் முழுதாக நின்ற சம்பவங்கள் 75. உயிர்ச்சேதம் ஒன்றிலும் இல்லை. நிற்காமல் சக்தி மட்டும் ஓரளவு குறைந்தவை 242. அவற்றில் ஒன்பதில் உயிர் போனது. மிச்சமிருக்கும் சக்தி, திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டும்.

ஆகவே முடிவைத் தரையிலேயே எடுத்துவிட வேண்டும். கிளம்புமுன் விமானி வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: இந்த உயரத்துக்குக் கீழே என்றால் நேரே, இன்ன திடலில். அதற்கும் முன்னால், டாங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எரிபொருளைக் கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்க்க வேண்டும். நீல எரிபொருளின் அடியில் நிறமற்றுத் தேங்கினால் அது தண்ணீர்; இன்ஜினை நிறுத்திவிடக்கூடியது. மழைக்காலத்தில் இதை ஒரு நாளும் விடக் கூடாது.

மகள் வீட்டுக்கு வரும்போது, அவள் கிளம்புமுன் சொல்லும் அந்த உயரம் எத்தனை அடி என்று கேளுங்கள். யோசிக்காமல் பதில் வர வேண்டும்.